வெளிப்படுத்தின விசேஷத்துக்கு ஒரு ஜூம் வகுப்பு: சேரலாமா?

பார்கோடு, தடுப்பூசி, சிப் என்று காலத்துக்கு ஒன்றைக் காட்டி ‘மிருகத்தின் எண்’ 666 வந்துவிட்டது என்று பயமுறுத்தும் பிரசங்கங்கள் சலித்துப்போனவர்கள் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தைப் பற்றிய இந்த ஞாயிறு மாலை வகுப்பில் தாராளமாகச் சேரலாம். நடத்துபவர் யோவான் கண்ட தரிசனத்தை நாளைய உலகத்துக்கான ஜோசியமாக எடுத்துக்கொள்வதில்லை. முதல் நூற்றாண்டில் சின்ன ஆசியாவின் ஏழு சபைகளுக்குப் போன கடிதமாகவே படிக்கிறார்.

13ஆம் அதிகார வகுப்புதான் உச்சம். பழைய ஏற்பாட்டின் தானியேல் 7ஆம் அதிகாரத்தில் தனித்தனியாக வரும் சிங்கம், கரடி, சிறுத்தை, பத்துக் கொம்பு மிருகம் நான்கையும் யோவான் ஒரே மிருகமாக்கி ரோமைக் காட்டுகிறார் என்று சொல்லிவிட்டு, பேரரசன் நீரோவைக் குறிக்கும் ‘நீரோன் கேசர்’ என்ற பெயரை, எண்களாகவும் பயன்படும் எபிரெய எழுத்தில் எழுதி, ஒவ்வொரு எழுத்தின் மதிப்பையும் திரையில் போட்டார்: 50, 200, 6, 50, 100, 60, 200. கூட்டினால் 666. லத்தீன் வழக்கப்படி கடைசி ‘ன்’ இல்லாமல் ‘நீரோ’ என்று எழுதினால் 50 குறைந்து 616. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 666க்குப் பதில் அந்த எண்ணே இருக்கிறது! அப்புறம், ஏழு குன்று நகரமான ரோமின் உருவமாகிய ரோமா தேவி ஏழு குன்றுகள்மேல் உட்கார்ந்திருக்கும், பேரரசன் வெஸ்பாசியன் காலத்து நாணயத்தைக் காட்டி, 17ஆம் அதிகாரத்தின் ‘ஏழு மலைகள்’ வசனத்தை வாசிக்கச் சொன்னார். அதற்குமேல் விளக்கம் எதற்கு?

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ரோமப் பேரரசன் தொமித்தியன் (கி.பி. 81–96) பேரரசு முழுக்கக் கிறிஸ்தவர்களை வேட்டையாடினான் என்று அடித்துச் சொல்கிறார். அதற்கு அந்தக் காலத்துச் சான்று ரொம்பக் குறைவு. நெருக்கடி உள்ளூரிலிருந்தே வந்தது: ஏழு சபை ஊர்களில் ஒன்றான பெர்கமுவில் கி.மு. 29லேயே ரோமா தேவிக்கும் பேரரசன் அகுஸ்துவுக்கும் கோயில் கட்ட அனுமதி வாங்கிவிட்டார்கள், பேரரசனுக்குக் கோயில் கட்ட ஊர்கள் தாங்களே போட்டி போட்டன. படையல் விருந்துக்கும் தொழில்காரர் சங்கத்துப் பூசைக்கும் போகாதவன் அந்த ஊரில் எப்படிப் பிழைப்பது? பெர்கமு, தியத்தீரா சபைகளுக்கு எழுதியதில் விக்கிரகங்களுக்குப் படைத்த உணவைப் பற்றி அவ்வளவு கடுமையாகப் பேசுவது இதனால்தான், இதையோ ஐந்தே நிமிஷத்தில் தாண்டிவிட்டார்.

பாடக்குறிப்பு பி.டி.எஃப்.பில் தமிழ் எழுத்துரு உடைந்து கட்டம் கட்டமாக வருகிறது, போனில் திறக்காதீர்கள். கேள்வி நேரமும் போதவில்லை. சேர்வதாக இருந்தால் தானியேல் 7ஐ ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள், அது எல்லோருக்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் மனிதர் பேசுகிறார்.