மரமா, கான்கிரீட்டா? இடிக்கும் நாளையும் கணக்கில் சேருங்கள்

வீட்டுக்கு மேல்தளம் எழுப்பும்போது மரத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான், அதனால் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

கான்கிரீட்டின் பலம் தெரிந்ததுதான்: தண்ணீருக்கும் கறையானுக்கும் அஞ்சாது, எந்தக் கொத்தனாருக்கும் பழகிய வேலை. வில்லங்கம் சிமென்ட்டில். உலகக் கரியமில வாயு வெளியேற்றத்தில் சுமார் 8 சதவீதம் அதனுடையது. அதில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல் சூடேறும்போது கல்லே விடுகிற வாயு, ஆகவே சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அந்தப் பங்கு குறையாது.

மரமோ வளரும்போது அதே வாயுவை இழுத்துக்கொள்கிறது, உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன்தான். கான்கிரீட்டைவிட எடை மிகக் குறைவு என்பதால் அஸ்திவாரமும் சிறிதாகிறது. உயரம் போகுமா என்றால், நார்வேயில் 2019-இல் முடிந்த மியோஸ்டார்னெட் என்ற மரக் கட்டடம் 18 மாடி, 85 மீட்டர். தீ? தடித்த உத்திரத்தின் மேற்பரப்பு கரியாகி, அந்தக் கரியே உள்மரத்தைக் கொஞ்ச நேரம் காக்கும். மெல்லிய சட்டத்துக்கு இது பொருந்தாது.

சரி, என்னைப் பொறுத்தவரை எல்லாம் தீர்மானமாவது வேறோர் இடத்தில்: கட்டடத்தைப் பிரித்தபின் அந்த மரம் எங்கே போகிறது? மரத்துக்குள் இருக்கும் கார்பன் வட்டிக்கடைக்காரர் தவணை தள்ளிப்போட்ட கடன் மாதிரி, தள்ளுபடி ஆனதல்ல. எரித்தால் திரும்ப வந்துவிடும், குப்பைமேட்டில் காற்றில்லாமல் மக்கினால் ஒரு பகுதி மீத்தேனாக வரும், அது இன்னும் மோசம். 60 வருடம் வளர்ந்த மரத்தை வைத்துக் கட்டி 30 வருடத்தில் இடித்து எரித்தால், வெட்டிய இடத்தில் நட்ட கன்று அந்த வயதில் பாதியைத்தான் எட்டியிருக்கும். அதனால்தான் இணைப்புகளில் பசை வேண்டாம், போல்ட்டும் திருகும் போதும் என்று பிடிவாதம் பிடித்தேன். ஆசாரி முணுமுணுத்தார், நாளும் கூடுதலாகப் பிடித்தது, ஆனால் உத்திரங்களை முழுசாகக் கழற்றி இன்னொரு கட்டடத்துக்குக் கொண்டுபோகலாம். கூரை விளிம்பையும் நன்றாக வெளியே நீட்டினோம், ஏனென்றால் மரத்தின் ஆயுளைப் பெரும்பாலும் குறைப்பது ஈரம்தான்.

அப்புறம், காடு. திரும்ப வளர விடாமல் வெட்டிய காட்டு மரம் என்றால் மேலே சொன்ன எதுவும் செல்லாது. காட்டைப் பொறுப்போடு பராமரித்து வெட்டிய மரம் என்று சொல்லும் எஃப்.எஸ்.சி. மாதிரியான சான்று இல்லாத மரத்தை நான் வாங்கவில்லை.

மண்ணைத் தொடும் இடமெல்லாம் எங்களுக்கும் கான்கிரீட்தான், அங்கே மரத்தை வைக்கச் சொல்லமாட்டேன். உயரமான மரக் கட்டடத்தைப் பராமரித்த அனுபவம் எனக்குக் கிடையாது, பத்து மாடி யோசிப்பவர்கள் பொறியாளரிடம்தான் போகவேண்டும். போகும்போது கட்டுவதற்கான வரைபடத்தோடு கழற்றுவதற்கான வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள்.