ஒரு ரப்பர் வாஷருக்கு 18,600 கொடுத்தேன்: தண்ணீர்க் கசிவுக்கு ஆள் கூப்பிடுவதற்கு முன் படியுங்கள்

இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. 18,600. போன வெள்ளிக்கிழமை கொடுத்தேன். அது எதற்குப் போனது என்று நேற்றுச் சாயங்காலம்தான் தெரிந்தது. கழிப்பறை ஃப்ளஷ் டேங்குக்குள் ஒரு ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தது. அவ்வளவுதான் கோளாறு. தண்ணீரும் கரண்டும் வீணாகிறதே என்று கவலைப்பட்டு ஆள் கூப்பிடும் யாருக்கும் இது நடக்கலாம். நடந்ததை முதலில் சொல்கிறேன், என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஒரு சின்னப் பிரஷர் பம்ப் வழியாகத்தான் குழாய்களுக்குத் தண்ணீர் வருகிறது. குழாயைத் திறந்தால் தானாக ஓடும், மூடினால் நின்றுவிடும். இரண்டு மாதமாக யாரும் குழாயைத் தொடாத நேரத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. நடு ராத்திரியில் தலைக்கு மேல் 'டக்' என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் உறுமல், அப்புறம் அமைதி. கால் மணி நேரம் கழித்து மறுபடியும் டக். தொட்டி சீக்கிரம் காலியாகிறது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். கரண்ட் பில்லும் ஏறியிருந்தது. எங்கேயோ கசிகிறது என்பது எனக்கே புரிந்தது. எங்கே என்பதுதான் தெரியவில்லை.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில் பதிவு செய்தேன். பெயர் வேண்டாம். எல்லார் போனிலும் இருக்கும் வகைதான்.

வந்தவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். வாசலிலேயே ஷூவைக் கழற்றி வைத்தார். "அக்கா, ஒரு பழைய துணி குடுங்க, தரை நனைஞ்சிடும்" என்று கேட்டு வாங்கி விரித்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினார். வாஷிங் மெஷின் குழாயில் ஒரு பிரஷர் கேஜைத் திருகினார், பைப்பில் உள்ள தண்ணீர் அழுத்தத்தை முள்ளால் காட்டும் கருவி அது. எல்லாக் குழாயையும் மூடச் சொன்னார். பம்பை ஓடவிட்டு, அது நின்றதும் சுவிட்சை அணைத்தார். "இப்ப முள்ளைப் பாருங்கக்கா." முள் இரண்டில் நின்றது. நானும் அம்மாவும் அவரும் மூன்று பேருமாக அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அஞ்சு நிமிஷத்தில் அது ஒன்றரைக்கு இறங்கிவிட்டது.

அந்த முள்தான் என்னை ஏமாற்றியது. வாயால் சொல்லியிருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பேன். கண்ணெதிரே ஒரு கருவி காட்டும்போது என்ன கேட்பது?

"பம்புக்குள்ள வால்வு போயிடுச்சுக்கா. தண்ணி பின்னாடி தொட்டிக்கே திரும்புது. புதுசு மாத்தினாத்தான் சரியாகும். மாத்தலைன்னா கரண்ட்டும் போகும், தண்ணியும் போகும்" என்றார். எனக்கு அந்தக் கவலைதானே. அதையே பிடித்துக்கொண்டார். அப்புறம் பையிலிருந்து இரண்டு காந்தத் துண்டுகளை எடுத்து, கீசருக்குப் போகும் பைப்பில் இதை மாட்டினால் உப்புப் படியாது, கீசருக்கு ஆகும் கரண்ட் பாதியாகிவிடும் என்றார். அதற்கும் தலையாட்டினேன். பம்ப் 13,400, காந்தம் 3,200, கூலி 2,000. மொத்தம் 18,600. பழைய பம்பை 'எக்ஸ்சேஞ்ச்' என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார். பில்லில் அதற்கென்று ஒரு பைசா கழிக்கவில்லை என்பதை மறுநாள்தான் கவனித்தேன். கிளம்பும்போது போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டார், சொன்னேன்.

அன்று ராத்திரி 1:40. டக்.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். புதுப் பம்ப். அதே சத்தம், அதே கால் மணி நேர இடைவெளி.

காலையில் அவருக்குப் போன் செய்தேன். "புதுசு இல்லையாக்கா, செட்டாக ரெண்டு மூணு நாள் ஆகும்" என்றார். மூன்றாம் நாள் கூப்பிட்டபோது "நாளைக்கு வரேன்க்கா." நான்காம் நாளிலிருந்து எடுக்கவே இல்லை. செயலியில் புகார் எழுதினால் 'உங்கள் கோரிக்கை முடிக்கப்பட்டது' என்று உடனே பதில் வருகிறது. என்ன முடிந்தது? வாடிக்கையாளர் சேவை எண்ணில் முப்பது நிமிஷம் காத்திருந்த பிறகு ஒரு பெண் பேசினார். "மேடம், நீங்க ஓடிபி குடுத்துட்டீங்க. வேலை திருப்தின்னு சிஸ்டத்துல பதிவாகியிருக்கு."

சரி, ஆதாரம் கொடுப்போம் என்று ஒரு ராத்திரி பத்து மணிக்குத் தொட்டியின் உள்பக்கம் தண்ணீர் நின்ற மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். யாரும் குழாயைத் தொடக் கூடாது, கழிப்பறைக்குப் போனால் பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டேன். காலை ஆறு மணிக்கு நாலு விரல் இறங்கியிருந்தது. 500 லிட்டர் தொட்டி அது. கணக்குப் போட்டால் முப்பது லிட்டருக்குக் குறையாது. எட்டு மணி நேரத்துக்கே முப்பது லிட்டர் என்றால் ஒரு நாளைக்குத் தொண்ணூறு. நாங்கள் தூங்கும்போது, எங்கே போகிறது என்று கண்ணில் படாமல். படம் எடுத்து அனுப்பினேன். "அது எங்க டீம் அளந்தது இல்லை மேடம்" என்றார் அடுத்து பேசியவர். அதற்கடுத்தவர் இன்னும் ஒரு படி மேலே போனார்: சுவருக்குள் பைப் கசியலாம், டைல்ஸ் உடைத்துப் பார்க்க வேண்டும், அதற்குத் தனி சார்ஜ். 18,600 வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் தனி சார்ஜ்!

நேற்று, பெரியப்பா வீட்டுக்கு வழக்கமாக வரும் வயதான பிளம்பரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தத் தம்பி எந்தெந்த வால்வை மூடிப் பாத்தாரும்மா?"

எதையும் மூடவில்லை. முள் இறங்கினால் எங்கேயோ தண்ணீர் போகிறது என்று அர்த்தம், பம்ப் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பம்புக்குப் பக்கத்திலேயே, வீட்டுக்குள் இறங்கும் பைப்பில் ஒரு கேட் வால்வு இருக்கிறது. அதை மூடிய பிறகும் பம்ப் ஓடினால் கோளாறு பம்பு பக்கம். ஓடாவிட்டால் கசிவு வீட்டுக்குள். மூடிப் பார்த்துச் சொல்ல அரை மணி நேரம் போதும். அப்படியே தண்ணீர் பின்னால் திரும்புகிறது என்றாலும் முதலில் தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வைத்தான் மாற்றிப் பார்ப்பார்களாம், முழுப் பம்பையும் தூக்க வேண்டியதில்லையாம்.

இவர் அந்தக் கேட் வால்வை மூடினார். பம்ப் சத்தமே இல்லை. திறந்துவிட்டு, ஒவ்வொரு குழாய்க்கும் போகும் தண்ணீரைத் தனியாக நிறுத்தும் சின்ன வால்வுகளை (ஆங்கிள் காக்) ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தார். சமையலறை, வாஷ்பேசின். பம்ப் மறுபடி டக் என்றது. கழிப்பறை ஃப்ளஷ் டேங்குக்குப் போகும் வால்வை மூடினார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அமைதி.

ஃப்ளஷ் டேங்க் மூடியைத் தூக்கி, உள்ளே நாலு சொட்டு நீலம் விட்டார். "பத்து நிமிஷம் யாரும் தண்ணி ஊத்தாதீங்க." பத்து நிமிஷம் கழித்துப் போய்ப் பார்த்தால், வெள்ளைப் பீங்கானின் பின்பக்கச் சரிவில் நூல் மாதிரி ஒரு நீலக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. டேங்கில் குறையக் குறைய மிதவை வழியாகத் தண்ணீர் ஏறும், அழுத்தம் குறையும், மாடியில் பம்ப் ஓடும். இரண்டு மாதமாக இதுதான் நடந்திருக்கிறது.

வாஷரைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு ஓரம் சுருண்டு, பழைய அழிரப்பர் மாதிரி இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், உப்புத் தூளாக உதிர்ந்தது. புது வாஷரின் விலை 18,600-இல் நூற்றில் ஒரு பங்குகூட வராது. மாட்டி முடிக்கப் பத்து நிமிஷம். நேற்று ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்து கேட்டேன், ஒரு டக் இல்லை.

காந்தத்தைப் பார்த்ததும் அவர் கோபப்பட்டுவிட்டார். 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடாக்க அரை யூனிட் கரண்ட் ஆகத்தான் செய்யும். பைப்பில் காந்தம் இருந்தாலும் அவ்வளவுதான், இல்லாவிட்டாலும் அவ்வளவுதான். அதைப் பாதியாக்குகிறேன் என்று யாராவது சொன்னால் பொய். கரண்டை மிச்சப்படுத்த அவர் செய்தது இரண்டே வேலை: எவ்வளவு சூடாக வேண்டும் என்று வைக்கும் கீசரின் தெர்மோஸ்டாட் 75 டிகிரியில் இருந்தது, 60-க்கு இறக்கினார். அதற்கும் ரொம்பக் கீழே வைத்தால் கீசருக்குள் கிருமி வளரலாம், வேண்டாம் என்றார். சொட்டிக்கொண்டிருந்த வெந்நீர்க் குழாயின் வாஷரை மாற்றினார், அது சொட்டினால் சூடாக்கிய கரண்டும் சேர்ந்து சொட்டுகிறது என்று. 3,200 கொடுத்த காந்தம் இப்போது மேஜை மேல் கிடக்கிறது.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது மனசு அதில் நிற்கவில்லை. அவசரமாகச் சிலது மட்டும்.

ஆளைக் கூப்பிடுவதற்கு முன் ஃப்ளஷ் டேங்கில் சொட்டு நீலம் விட்டுப் பாருங்கள். டேங்குக்கு நடுவில் நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகத் தண்ணீர் வழிகிறதா என்றும் பாருங்கள், வழிந்தால் மிதவையில் கோளாறு. தண்ணீர் மீட்டர் இருக்கிற வீடு என்றால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் நகர்கிறதா என்று பாருங்கள். வருகிறவர் கேஜ் காட்டினால் "எந்த வால்வை மூடிப் பார்த்தீங்க?" என்று கேளுங்கள். பைப்பில் மாட்டும் காந்தம் வேண்டவே வேண்டாம். கழற்றிய பழைய சாமானைக் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்துவிட்டதால், பழைய பம்ப் நன்றாகத்தான் இருந்தது என்று காட்ட இன்று என்னிடம் எதுவும் இல்லை. வேலை முடிந்து ஒரு ராத்திரி போகட்டும், அதுவரை ஓடிபி சொல்லாதீர்கள்.

பில், தொட்டிக் கோட்டின் படம், அந்த வாஷர், மூன்று புகார் எண்கள் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். நாளை எழுத்துமூலம் புகார் கொடுக்கிறேன். அந்த 18,600-ஐ விடுவதாக இல்லை.