ஒரே சாலை, மூன்று வாசல்: பிஎச்டிக்கு எதில் நுழையலாம்?

சர்தார் படேல் சாலையில் ஐஐடி மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம், 1948-இல் தொடங்கிய தோல் ஆராய்ச்சி நிலையமான சிஎல்ஆர்ஐ மூன்றும் கிட்டக் கிட்டத்தான் இருக்கின்றன. எம்எஸ்சி, எம்இ முடித்து ஆராய்ச்சிக்கு அலைகிறவர்கள் மூன்று வாசலையும் மிதித்திருப்பார்கள். எதில் சேரலாம் என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மாதப் பணம் யார் பெயரில் வருகிறது?

ஐஐடியில் பெரும்பாலும் நிறுவனமே தரும். எச்டிஆர்ஏ, அதாவது அரைநேர ஆராய்ச்சி உதவியாளர் தொகை, என்பார்கள். 2023 உயர்வுக்குப் பிறகு மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. பதிலுக்கு லேப் வகுப்பு பார்ப்பது, விடைத்தாள் திருத்துவது போன்ற வேலைகள் உண்டு. பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகையான பிஎம்ஆர்எஃப் கிடைத்தால் 70,000-இல் தொடங்கும். அது கிடைப்பவர் இதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சிஎல்ஆர்ஐயின் தாய் அமைப்பான சிஎஸ்ஐஆரின் நெட் தேர்வு எழுதி வாங்கும் ஜேஆர்எஃப் உதவித்தொகையும் அதே 37,000-தான். ஆனால் விடுதியில் தங்காதவருக்குச் சென்னையில் 30% வீட்டு வாடகைப்படி, அதாவது 11,100 ரூபாய், கூடவே வரும். அதைவிட முக்கியம், இது உங்கள் பெயரில் வரும் பணம். ஆய்வை வழிநடத்தும் கைடுக்குத் தன் நிதியிலிருந்து செலவில்லை என்பதால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். அறிவியல்காரர்களுக்கு என் முதல் ஓட்டு இதற்குத்தான். பொறியியல்காரர்கள் கேட் தேர்வு மதிப்பெண்ணை நம்ப வேண்டும். அந்த மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லுபடியாகும்.

அண்ணா பல்கலைக்கழகத்தில் பகுதிநேரப் பதிவு உண்டு. கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே முடிக்க நினைப்பவர்களுக்கு அது வசதி. உதவித்தொகை இல்லாமல் முழுநேரமாகச் சேருவதை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். செமஸ்டர் கட்டணம் போகும், வீட்டுக்கு ஒன்றும் வராது.

அப்புறம் புராஜெக்ட் வேலை, அதாவது ஓர் ஆய்வுத் திட்டத்தின் நிதியில் அது முடியும்வரை சம்பளம் வாங்குவது. நேர்காணலுக்கு ஒரிஜினலும் இரண்டு செட் ஜெராக்ஸும் எடுத்துக்கொண்டு போனால் அன்றே முடிவு தெரிந்துவிடும் என்பதால் பலரும் இதில்தான் விழுகிறோம். நான் சேர்ந்த ஆய்வகத்தின் விளம்பரத்தில் ‘மூன்று ஆண்டுகள் அல்லது திட்டம் முடியும்வரை’ என்று இருந்தது. முன்பாதியை மட்டும் படித்தேன். திட்டம் அப்போதே இரண்டாம் ஆண்டில் ஓடிக்கொண்டிருந்தது. பதினான்காவது மாதம் நிதி நின்றது. பிஎச்டிக்கு நான் பதிவுகூடச் செய்திருக்கவில்லை. அந்தப் பதினான்கு மாதமும் பிஎச்டி கணக்கில் சேரவில்லை.

ஆனாலும் எக்ஸ் கதிரால் படிக அமைப்பை அறியும் எக்ஸ்ஆர்டி கருவியைத் தனியாக ஓட்டக் கற்றது அங்கேதான். கைடின் குணத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கவும் முடிந்தது. ஆகவே புராஜெக்டில் சேருங்கள், ஆனால் திட்டம் எந்த மாதம் முடிகிறது என்று கேட்டுவிட்டு, அடுத்த நெட்டுக்கு விண்ணப்பித்துவிட்டுச் சேருங்கள்.

எந்த வாசலானாலும் அந்த ஆய்வகத்து சீனியர் ஒருவரை டீக்கடைக்கு அழைத்துப் போங்கள். “உங்க கைடுகிட்ட கடைசியா தீசிஸ் சப்மிட் பண்ணவர் எத்தனை வருஷத்துல முடிச்சாரு?” என்று கேளுங்கள். நான் தாமதமாகக் கேட்டேன். அந்த அண்ணன் டீயை நன்றாக ஆற்றி, ஒரு வாய் குடித்துவிட்டு, “ஏழு” என்றார்.