காசு இல்லன்னு பல்ல புடுங்கிடாதீங்க: சென்னை கோட்டை ஸ்டேஷன் எதிர்ல இருக்கற அரசு பல் ஆஸ்பத்திரி

பல் வலிக்கு மெடிக்ளைம் பெருசா உதவாது, ஆக்சிடென்ட்ல பல் உடைஞ்சாத்தான் பெரும்பாலான பாலிசில காசு வரும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் பெரும்பாலும் அட்மிட் ஆகிப் பண்ற சிகிச்சைக்குத்தான். அதனால வீட்டு வேலை, கட்டட வேலை, ஜவுளிக்கடைல நிக்கறதுன்னு இருக்கறவங்களுக்கு சொத்தைப் பல்லுன்னா கைக்காசுதான். அது இல்லாம, மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கிப் போட்டு நாளக் கடத்தி, காப்பாத்தியிருக்கக்கூடிய பல்லையே கடைசில புடுங்கிட்டு வர்றவங்க எத்தனையோ பேரு. அவங்க வீட்ல யாராவது இத படிச்சா போதும்னுதான் எழுதறேன்.

எங்க அத்தைக்கு கீழ்க் கடவாப்பல்லுல சொத்தை, ராத்திரி படுத்தா வலி காது வரைக்கும் இழுக்கும். வீட்டுப் பக்கத்துல ஒரு க்ளினிக்ல ரூட் கெனாலும் (பல்லப் புடுங்காம வேருக்குள்ள சுத்தம் பண்ணி அடைக்கறது) கேப்பும் (அதுக்கு மேல மாட்டற உறை) சேர்த்து 9,000 ரூபா சொன்னாங்க, முடியலன்னா 700 ரூபாயில புடுங்கிடலாம்னாங்க. அத்தை புடுங்கிக்கறேன்னே முடிவு பண்ணிட்டாங்க. இருங்க அத்தை, பல் காலேஜ்ல ஒரு தடவ காட்டிட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு கூட்டிட்டுப் போனேன்.

தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி, 1953ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜோட பல் பிரிவா ஆரம்பிச்சது. தாம்பரம், கூடுவாஞ்சேரி பக்கத்துலேந்து வர்றவங்க பீச் லோக்கல் ஏறி கோட்டை ஸ்டேஷன்ல இறங்கினா எதிர்லயே இருக்கு, ஜி.ஹெச்சுக்குள்ள போய்த் தேட வேணாம். காலைலயே போயிடுங்க. ஓ.பி. சீட்டு போட்டதும் முதல்ல ஒரு டிபார்ட்மென்ட்ல வாய் முழுக்கப் பாத்து, சுகர் பிபி மாத்திரை எதாவது போடறீங்களான்னு கேட்டு, எக்ஸ்ரே எடுத்து, அப்புறம்தான் எந்தப் பிரிவுன்னு எழுதி அனுப்புவாங்க. புடுங்கறதுக்கு தனி, ஈறுக்கு தனி, குழந்தைங்களுக்கு தனி, பல் செட்டுக்கு தனி. பான், ஹான்ஸ் போடற ஆளுங்க வாய்ல வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தா அதையும் அந்த முதல் டிபார்ட்மென்ட்லயே காட்டிடுங்க, வலிக்கலன்னு விடாதீங்க.

ஸ்டூடண்ட்ஸ்தானே பண்றாங்கன்னு நிறைய பேர் பயப்படறாங்க. அத்தைக்குப் பண்ண பொண்ணு ஒவ்வொரு கட்டத்துக்கும் ப்ரொஃபசரக் கூட்டிட்டு வந்து காட்டிட்டுத்தான் அடுத்ததுக்குப் போச்சு. மரத்துப்போற ஊசி போட்டுட்டு, வலிச்சா இடது கைய தூக்குங்கம்மான்னு சொல்லிட்டு ஆரம்பிச்சுது. முடி மாதிரி மெல்லிசான ஊசி, அதுல ஒரு குட்டி ரப்பர் வளையம், அத வேருக்குள்ள விட்டுட்டு அப்படியே ஒரு எக்ஸ்ரே. வேர் எவ்வளவு நீளம்னு பாக்கறதுக்காம், ப்ரொஃபசர் அந்தப் படத்தப் பாத்துட்டு இன்னும் கொஞ்சம் உள்ள போகணும்னாரு, அந்தப் பொண்ணு ரப்பர நகர்த்தி அளந்து மறுபடியும் படம் எடுத்துச்சு. கடவாப்பல்லுல மூணு நாலு குழாய் இருக்கும், ஒவ்வொண்ணையும் இப்படித்தான் சுத்தம் பண்ணி அடைக்கணும், அதான் நேரம் எடுக்குது. இந்தப் பொறுமைய நான் பெருசா மதிக்கறேன். பாத்ததுக்கும் எக்ஸ்ரேக்கும் ரூட் கெனாலுக்கும் அத்தைகிட்ட காசு வாங்கல. கேப், பல் செட் மாதிரி லேப்ல செஞ்சு வர்றதுக்கு எதாவது கட்டணும்னா எவ்ளோன்னு முதல்லயே கேட்டுக்கங்க.

ஒரே நாள்ல முடியற வேலை இல்ல இது, திரும்பத் திரும்ப வரணும், தினக்கூலிக்குப் போறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளம் போகும், அது எனக்குப் புரியுது. ஆனா நடுவுல நிறுத்திடாதீங்க ப்ளீஸ். வலி போயிடுச்சுன்னு வராம விட்டா, மேல வச்ச தற்காலிக அடைப்பு கரைஞ்சு உள்ள மறுபடியும் கிருமி போயிடும், அதே பல்லத்தான் அப்புறம் புடுங்க வேண்டி வரும். கேப்பும் அப்படித்தான், ரூட் கெனால் பண்ண கடவாப்பல்லு கேப் போடலன்னா முறுக்கு கடிக்கறப்பவே பிளந்துக்க சான்ஸ் இருக்கு.

சென்னை தூரம்னா சிதம்பரம் அண்ணாமலை நகர்ல முன்னாடி ராஜா முத்தையான்னு இருந்தது இப்ப அரசு பல் காலேஜ், புதுக்கோட்டைல 2023ல புதுசா ஒண்ணு திறந்திருக்காங்க. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிலயும் நிறைய தாலுகா ஆஸ்பத்திரிலயும் பல் பிரிவு இருக்கு, புடுங்கறது அடைக்கறதுக்கு அங்கயே போகலாம். தனியார் பல் காலேஜ்லயும் ஸ்டூடண்ட்ஸ் பண்றதால வெளி க்ளினிக்க விட ரேட் கம்மியாத்தான் இருக்கும், சிலது ஊர்ல கேம்ப் போட்டு பஸ்ல கூட்டிட்டுப் போவாங்க. எங்க போனாலும் "இந்தப் பல்ல காப்பாத்த முடியுமா டாக்டர்"னு வாயத் திறந்து கேளுங்க, கேக்கலன்னா நமக்கு புடுங்கறதே போதும்னு நினைச்சுப்பாங்க.

போறப்ப ஆதார், பழைய எக்ஸ்ரே இருந்தா அது, போடற மாத்திரை சீட்டு எடுத்துக்கங்க. சாப்பிட்டுட்டுப் போங்க, வெறும் வயித்துல ஊசி போட்டா சில பேருக்கு தலை சுத்தும். இதயத்துக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவங்க அத கண்டிப்பா சொல்லிடணும், நீங்களா நிறுத்திட்டுப் போகாதீங்க. அத்தை இப்ப ரெண்டு பக்கமும் மென்னு சாப்பிடறாங்க, அடுத்து மாமாவ பல் செட்டுக்கு கூட்டிட்டுப் போகணும்.