பக்கத்தில் உட்காருவதா, ட்யூஷனா, பள்ளிக்கே போவதா?

பையன் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் வீட்டில் மூன்று கட்சி. நானே உட்கார வைத்துப் படிக்க வைக்கிறேன் என்றேன் நான். ட்யூஷனில் சேர்த்துவிடு என்றார் அவன் அப்பா. மாசம் ஒரு தடவை பள்ளிக்குப் போய் வாத்தியாரைப் பார், போதும் என்றார் மாமனார். ஒரே வருஷத்தில் மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

எட்டாவது வரை பக்கத்தில் உட்காருவது எடுபட்டது. பத்தாவது இயற்கணிதத்தில் நானே முழித்தேன், ஒன்பதரை மணிக்கு என் குரல் ஏறும், அவன் வாய் மூடிக்கொள்ளும், அப்புறம் படிப்பாவது ஒன்றாவது. ஆனால் ஒரு மதிப்பெண் கேள்விகளும் மனப்பாடப் பாடலும் கேட்க இதைவிட நல்ல வழி இல்லை. நான் பீன்ஸ் நறுக்க, அவன் ஒப்பிப்பான்.

ட்யூஷனில் வாராவாரம் தேர்வு, கூட நாலு பிள்ளைகள், கணக்கில் பயம் கொஞ்சம் தெளிந்தது. ஐந்தரைக்குப் போனால் எட்டரைக்குத்தான் வருவான், சாப்பிட்ட கையோடு தூக்கம். இதில் எனக்குப் பிடிக்காதது வேறு: பணம் கட்டிவிட்டோம் என்ற நிம்மதியில் நாங்கள் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டோம்.

பள்ளிக்குப் போவதை நான் ரொம்பக் குறைத்து எடைபோட்டிருந்தேன். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும் நாளில் போவேன், கூட்டத்தில் நின்று எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவேன். அரையாண்டு முடிந்து ஒரு சாதாரண நாளில் போனபோதுதான் அறிவியல் டீச்சர் அவன் ரெக்கார்டு நோட்டை எடுத்து விரித்தார். தேதி இருக்கிறது, தலைப்பு இருக்கிறது, நாலு சோதனைக்குப் பக்கம் காலி. அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. ட்யூஷனில் அந்த 75-ஐத்தான் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், வீட்டில் நானும் அதையேதான். இந்த நோட்டு ட்யூஷன் பைக்குள் போனதே இல்லை, நான் கண்ணால் பார்த்ததும் இல்லை.

இதிலும் சிக்கல் உண்டு. தினக்கூலிக்குப் போகிறவருக்கு அரை நாள் சம்பளம் போகும், அவரைப் போய் 'பிள்ளை மேல் அக்கறை இல்லை' என்று சொல்வது அநியாயம். அரசுப் பள்ளியாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவும் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அதில் உட்கார்ந்தால் உங்கள் பிள்ளையின் கணக்கு மார்க் ஏறாது. கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று கேட்க அதுதான் இடம், அதற்குப் பயந்தே நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான் பள்ளிக்குத்தான் போவேன். கணக்கு உதைத்தால் அதற்கு மட்டும் ட்யூஷன். ஒப்பிக்க வைக்க அடுப்படி போதும்.

அந்த நாலு சோதனையையும் எழுதி முடிக்க மூன்று ராத்திரி ஆனது. மூன்று ராத்திரியும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், பென்சில் சீவிக் கொடுக்க.