ஃபவுண்டேஷன் குதிரை வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிஷம் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

குதிரை வளர்ப்பு கேம் ஆடுகிற எல்லோருக்கும், முக்கியமாகப் புதிதாகப் பண்ணை ஆரம்பித்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு எழுதுகிறேன். ஆடி மாதத்தில் 3,200 ரூபாய் கொடுத்து ஒரே ஆளிடம் ஐந்து குதிரை வாங்கினேன். ஒரு பொலிக்குதிரை, நாலு பெட்டை. ஐந்தும் ஃபவுண்டேஷன் (கேமே உண்டாக்கிய முதல் தலைமுறைக் குதிரை), ஐந்தும் சுத்தக் கருப்பு ஜீன், ஒன்றுக்கொன்று ஒட்டுமில்லை உறவுமில்லை என்று சொல்லித்தான் விற்றார். சொன்ன மூன்றுமே பொய். விற்றவர் பெயரையும் பண்ணைப் பெயரையும் இங்கே போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். எந்த இடத்தில் ஏமாந்தேன் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

எனக்குப் பலமநேர். ஆந்திராவானாலும் வீட்டுப் பேச்சு தமிழ்தான். மலைப்பாதையில் கீழே இறங்கினால் குடியாத்தம். பகலெல்லாம் பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறேன், ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கேம். மூன்று வருஷமாக ஆடுகிறேன். எனக்கிருந்தது ஒரே ஆசை: பிறக்கிற குட்டியெல்லாம் கருப்பாகவே பிறக்கிற ஒரு வம்சத்தை என் பண்ணைப் பெயரில் உண்டாக்கவேண்டும்.

அந்த ஆளிடம் பேசிய முதல் நாளே, "அண்ணா, மீரு பலமநேரா? நானும் பக்கத்து ஊருதான்" என்றார். தெலுங்கும் தமிழும் கலந்த எங்கள் ஊர்ப் பேச்சு. எங்கேயோ இருக்கிறவன் ஏமாற்றுவான், பக்கத்து ஊர்க்காரன் ஏமாற்றமாட்டான் என்று நினைத்தேன். மற்றவர்களிடம் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளை அவரிடம் கேட்கவில்லை.

ஃபவுண்டேஷன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: கேமே உண்டாக்கித் தன் கடையில் விடுகிற குதிரை. அதற்குத் தாய் தகப்பன் கிடையாது, பெடிகிரியில், அதாவது வம்சப் பட்டியலில், இரண்டு கட்டமும் காலியாக இருக்கும். வம்சம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. பந்தயக் குதிரைகளில் தரோபிரெட் இருக்கிறதே, இன்றைக்கு உலகத்தில் ஓடுகிற அத்தனை தரோபிரெட்டின் ஆண்வழியும் பயர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்பின் அரேபியன் என்ற மூன்று பொலிக்குதிரைகளில்தான் போய் நிற்கும். இங்கிலாந்தில் 1791லேயே அந்த இனத்துக்கு வம்சப் பதிவேடு அச்சிட்டுவிட்டார்கள். எது எதன் குட்டி என்பதில் ஒரு தப்பு நுழைந்தால் அதற்குப் பிறகு வருகிற கணக்கெல்லாம் தப்பாகப் போகும். கேமிலும் அதேதான். நடுவில் ஒரு குதிரை சரியில்லை என்றால் அதை ஒதுக்கிவிடலாம். முதல் வரிசையே சரியில்லை என்றால் அதன்மேல் கட்டிய எதையும் நம்பமுடியாது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைக் குதிரையை வைத்துச் சொல்லவே வேண்டாம். புங்கனூர் மாடு போதும். வளர்ந்த மாடே ஏறக்குறைய மூன்றடி உயரம்தான் நிற்கிற குட்டை இனம், பலமநேர் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் பல வருஷமாகக் காப்பாற்றி வருகிறார்கள். அதற்கு இப்போது இருக்கிற மவுசில் என் மாமா சந்தையில் ஒரு கன்று வாங்கினார். அசல் புங்கனூர் என்று சத்தியம் செய்து கொடுத்தார்கள். ஒன்றரை வருஷத்தில் அது மாமாவின் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டது. கன்றாக இருக்கும்போது எல்லாம் குட்டைதானே, எப்படித் தெரியும்? அந்த மாட்டைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த நானே கேமில் அதே குழியில் விழுந்தேன்.

வாங்கும்போது நான் பார்த்தது இரண்டு. ஒன்று, பெடிகிரியில் தாய் தகப்பன் கட்டம் காலியா என்று பார்த்தேன். ஐந்துக்கும் காலிதான். இரண்டாவது, அவர் அனுப்பிய ஜீன் டெஸ்ட் ஸ்கிரீன்ஷாட். ஐந்து படத்திலும் "பெரிய ஈ, பெரிய ஈ" என்று இருந்தது. ஆங்கில E எழுத்துதான்; இரண்டும் பெரிய எழுத்தாக இருந்தால் சுத்தக் கருப்பு ஜீன் என்று அர்த்தம். மேலே குதிரை எண் இருக்கவேண்டிய பட்டை ஐந்திலும் வெட்டப்பட்டிருந்ததை இப்போது பார்த்தால் தெரிகிறது. அன்றைக்குக் கண்ணில் படவில்லை. குதிரை என் பண்ணைக்கு வந்ததும் நானே டெஸ்ட் எடுத்திருக்கலாம். ஒரு குதிரைக்கு 500 காயின். அதுதான் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதே, 2,500 காயினை ஏன் விடவேண்டும் என்று விட்டுவிட்டேன்.

குதிரைக்குச் சினைக்காலம் 11 மாதம். நம் கேமில் மாதத்துக்கு ஒரு நாள் என்று 11 நாள். முதல் ஈற்றில் நாலு குட்டி, நாலும் மையைப் பூசினாற்போல் கருப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆவணியில் அதில் மூன்றை விற்றேன். "இரட்டைப் பெரிய ஈ, என் பொறுப்பு" என்று என் வாயால் சொல்லி விற்றேன். எனக்கு இன்னும் ஆறாதது இந்த இடம்தான்.

புரட்டாசியில் இரண்டாவது ஈற்று. ராத்திரி பத்தரை மணி இருக்கும், மூன்றாவது பெட்டை ஈன்றதாக அறிவிப்பு வந்தது. திறந்தால் செவலை. பிடரி செவலை, வால் செவலை, முழங்காலுக்குக் கீழேயும் ஒரு கருப்பு மயிர் இல்லை. போனை அணைத்துத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். செவலையேதான்.

விஷயம் தெரியாதவர்களுக்காக இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பொய்யைப் பிடித்துக்கொடுத்தது இந்தக் கணக்குதான். குதிரையின் உடம்பில் கருப்பு நிறம் வர பெரிய ஈ ஒன்றாவது வேண்டும். குட்டிக்குத் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று வரும். இரண்டுமே சின்ன ஈயாக வந்தால்தான் செவலை. தாய் இரட்டைப் பெரிய ஈயாக இருந்தால் அதன் குட்டி ஒருநாளும் செவலையாகப் பிறக்காது, தகப்பன் எதுவாக இருந்தாலும் சரி. தகப்பனுக்கும் இதே விதி. அப்படியானால் அந்த ஒரு செவலைக் குட்டி தாயும் கலப்பு (பெரிய ஈ ஒன்று, சின்ன ஈ ஒன்று), தகப்பனும் கலப்பு என்று இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் காட்டிக்கொடுத்துவிட்டது.

அன்று ராத்திரியே ஐந்துக்கும் டெஸ்ட் போட்டேன். பொலிக்குதிரை கலப்பு, இரண்டு பெட்டை கலப்பு, மீதி இரண்டு பெட்டை மட்டும் சுத்தம். அப்படியானால் முதல் ஈற்றில் நாலும் எப்படிக் கருப்பாக விழுந்தது? கலப்போடு கலப்பு சேர்ந்தால் நாலில் மூன்று வாய்ப்பு கருப்புக்குத்தான். அப்படி இரண்டு ஜோடி என்றால் பதினாறுக்கு ஒன்பது. பாதிக்குமேல் வாய்ப்பு. ஒரு ஈற்றைப் பார்த்து வம்சம் சுத்தம் என்று முடிவு கட்டியது என் தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாள் குடியாத்தத்தில் இருக்கிற ஒரு அக்காவுக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். எனக்கு முன்பிருந்தே ஆடுகிறவர். பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "தம்பி, பொறந்த பண்ணை எதுன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. குதிரையின் பக்கத்தில் படம், நிறம், பெடிகிரி, பரிசு எல்லாவற்றையும் தாண்டி அடிவரைக்கும் தள்ளினால் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. கடையில் பிறந்த குதிரை என்றால் அங்கே கேமின் பெயர் இருக்கும். என் ஐந்தில் மூன்றுக்கு அங்கே விற்றவருடைய பண்ணைப் பெயர் இருந்தது. அவர் வீட்டில் பிறந்த குட்டி எப்படி ஃபவுண்டேஷன் ஆகும்?

நடந்தது இதுதான். நம் கேமில் செத்துப்போன குதிரையைக் கணக்கிலிருந்து அடியோடு நீக்கினால், அதன் குட்டிகளின் பெடிகிரியில் அந்தக் கட்டம் காலியாகிவிடும். தாயையும் தகப்பனையும் நீக்கிவிட்டால் எந்தக் குட்டியும் பார்வைக்கு ஃபவுண்டேஷன்தான். அக்கா தன்னிடமிருந்த பழைய ஏலப் பட்டியலின் படத்தைத் தேடி எடுத்து அனுப்பினார். அதில் என் பொலிக்குதிரையும் கலப்புப் பெட்டை இரண்டும் குட்டிகளாக நின்றன. மூன்றுக்கும் ஒரே தகப்பன், தாய் மட்டும் வேறு.

அண்ணன் தங்கையைச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரே தகப்பனுக்குப் பிறந்தவை சேர்ந்தால் குட்டிக்கு உள்ளினக் கலப்பு, அதாவது சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்ததன் அளவு, 12.5 சதவீதம். இது கேம்காரர்கள் கண்டுபிடித்த எண் இல்லை, சூவல் ரைட் என்ற அமெரிக்க மரபியலாளர் 1922இல் கொடுத்த கணக்கு. ஆனால் என் திரையில் 0 என்றே காட்டியது. கட்டம் காலியாக இருந்தால் கேம் மட்டும் எதை வைத்துக் கணக்குப் போடும்? ஐந்து தனித்தனி வேர் என்று நினைத்து நான் அடுத்த நாலு தலைமுறைக்கு எந்தக் குதிரையோடு எதைச் சேர்ப்பது என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தேன். அந்தப் பக்கங்களை அப்படியே கிழிக்கவேண்டியதாயிற்று.

விற்றவரிடம் கேட்டேன். முதலில் "கேம்ல ஏதோ பக் அண்ணா" என்றார். டெஸ்ட் முடிவை அனுப்பியதும் "வாங்கும்போது நீங்கதானே பாத்து வாங்கினீங்க" என்றார். ஏலப் பட்டியலை அனுப்பினேன், பிளாக் செய்துவிட்டார். கேம் நிர்வாகத்துக்கு எழுதினால், கேமுக்கு வெளியே நடந்த பணப் பரிமாற்றத்துக்கு எங்கள் பொறுப்பு இல்லை, அது விதிக்கே விரோதம் என்று பதில். அவர்கள் சொல்வது நியாயம்தான். யூபிஐயில் நேராக அனுப்பியது நான். சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன், பணம் இன்னும் வரவில்லை. பணம் போன உடனேயே இந்த எண்ணுக்குக் கூப்பிட்டால்தான் பிடித்து நிறுத்த வாய்ப்பு அதிகம். எனக்குத் தெரிய வரும்போது இரண்டு மாதம் ஓடிவிட்டது.

பணத்தைவிட அந்த மூன்று குட்டிதான் உறுத்திக்கொண்டே இருந்தது. அதில் ஒன்றை வாங்கியது குப்பம் என்ற ஊரில் ஒன்பதாவது படிக்கிற பையன். இரண்டு மாதம் தினசரிப் பரிசுக் காயினாகச் சேர்த்து வாங்கியிருக்கிறான். போன் செய்து விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "பரவால்லண்ணா, அதுக்கு நான் பேர் வெச்சுட்டேன், வெச்சுக்கறேன்" என்றான். காயினை முழுதும் திருப்பிக் கொடுத்து, கடையில் ஒரு ஃபவுண்டேஷன் பெட்டையும் வாங்கிக் கொடுத்தேன். அவன் குட்டிக்கு டெஸ்ட் எடுத்ததில் கலப்புதான்.

இனி வாங்குகிறவர்கள் அந்தப் பொடி எழுத்து வரியைப் பார்க்காமல் பேரமே பேசாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பவேண்டாம். குதிரை எண் தெரிந்தால் நீங்களே அதன் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம், எண் தராதவரிடம் வாங்காதீர்கள். குதிரை கைக்கு வந்ததும் சேர்ப்பதற்கு முன்னால் டெஸ்ட் எடுங்கள். நிறத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஃப்ரேம் என்கிற வெள்ளைத் திட்டு ஜீன் உடம்பில் பெரிதாக வெள்ளை காட்டாமலேகூட ஒளிந்திருக்கும். அது இரண்டு பக்கமும் இருந்தால் நாலில் ஒரு குட்டி வெள்ளையாகப் பிறந்து செத்துப்போகும். நிஜக் குதிரையிலும் அப்படித்தான், குடலின் நரம்பு வளராமல் சில நாளில் போய்விடும்.

ஒரே ஆளிடம் முழு வரிசையையும் வாங்கவே வாங்காதீர்கள். கடைக் குதிரைக்குத் திறமை குறைவு என்று எல்லோரும் ஒதுக்குகிறார்கள். திறமையை நாலு தலைமுறையில் ஏற்றிவிடலாம். நான் இப்போது கடையில் ஆறு வாங்கி, ஆறையும் டெஸ்ட் எடுத்து, அவற்றை விற்பனைக்கு விடாமல் தனித் தொழுவத்தில் பூட்டி வைத்திருக்கிறேன். செத்தாலும் அவற்றின் பெயரை நீக்கமாட்டேன். பழைய வரிசையில் மிஞ்சிய சுத்தமான பெட்டை இரண்டும் கடையில் பிறந்ததுதான் என்று உறுதியானதால் அவற்றை மட்டும் சேர்த்துக்கொண்டேன்.

ஆவணியில் என்னிடம் கருப்புக் குட்டி வாங்கிய மற்ற இரண்டு பேரில் ஒருவர் கிடைத்துவிட்டார். இன்னொருவர் கணக்கையே திறப்பதில்லை போலிருக்கிறது, அனுப்பிய செய்தி அப்படியே நிற்கிறது. வலது பின்னங்காலில் மட்டும் வெள்ளைச் சாக்ஸ் போட்ட பெட்டைக் குட்டி அது. உங்களிடம் இருந்தாலோ, கைமாறி வந்திருந்தாலோ, எதனோடும் சேர்க்காதீர்கள். எனக்கு ஒரு வரி எழுதுங்கள். காயினைத் திருப்பித் தருகிறேன், குட்டியைத் திரும்பத் தரவேண்டியதில்லை.