ஒக்ரோபரில் நுவரெலியாவில் சிவந்த இலை பார்க்கலாம் என்று முற்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஆவணி பிறந்ததுமே அந்த விளம்பரம் சுற்றத் தொடங்கிவிடுகிறது. 'நுவரெலியாவில் இலையுதிர்காலம், இரண்டு பகல் ஒரு இரவு, சாப்பாடு தங்குமிடம் எல்லாம் சேர்த்து.' படத்தில் மலைச்சரிவு முழுக்கச் செம்மஞ்சள். பாதிக் காசு முற்பணம், மிச்சம் வானில் ஏறும்போது. போன சனம் கண்டது பச்சைத் தேயிலையும் மழையும் பனிப்புகாரும்தான். கேட்டால், "இந்த முறை இலை பிந்திப் போச்சு அக்கா, காலநிலை எங்கட கையிலயே இருக்கு?" என்று சாரதி கையை விரிக்கிறார். முற்பணம் வாங்கியவரின் தொலைபேசி அதற்குள் நிறுத்தப்பட்டிருக்கும்.

இலை பிந்தவில்லை. அப்படியொரு காலமே அங்கே இல்லை.

குளிர்நாடுகளில் பகல் சுருங்கி இரவுக் குளிர் ஏறும்போது, மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்துச் சத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. பச்சை போனதும் உள்ளே மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும். மேப்பிள் போன்ற மரங்களில் இலையில் தங்கிய சீனியிலிருந்து சிவப்பும் புதிதாக உண்டாகும். பிறகு காம்பின் அடியில் ஒரு படை உருவாகி இலை கழன்று விழும். இவ்வளவுக்கும் முதற்காரணம் பகலின் நீளம் குறைவது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் குளிர் உண்டு, ஆனால் அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லை. மலைக்காட்டு மரங்கள் என்றும் பச்சை. தேயிலையும் அப்படியே.

ஹோட்டன் சமவெளியில் சிவப்பு இலை உண்டே என்று சிலர் வாதாடுவார்கள். உண்டுதான். கீன மரத்தின் கொழுந்து சிவந்து வரும். அது உதிரப்போகும் இலை இல்லை, புதுத்தளிர். ஒரு மலை முழுவதையும் நிறம் மாற்றாது, கிளை நுனிகளில் மட்டும் தெரியும். சிவந்த தளிர்தான் பார்க்கவேண்டும் என்றால் மாசி, பங்குனியில் வன்னிக் காட்டுக் கூழா மரத்தைப் போய்ப் பாருங்கள். அதற்கு யாருக்கும் முற்பணம் தேவையில்லை.

விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு வகைப் படங்கள் ஓடுகின்றன. ஒன்று வெளிநாட்டுப் படம்: விரல் விரித்த கைபோன்ற இலை இருந்தால் அது மேப்பிள் அல்லது காஷ்மீரின் சினார். இரண்டாவது, நம் தேயிலைத் தோட்டத்தையே கைபேசியில் நிறம் மாற்றியது. இதில் பச்சையாக இருந்த எல்லாமே சேர்ந்து மாறியிருக்கும்: தேயிலைச் செடி, வீதியோரப் புல், ஒரு பெண்ணின் பச்சைச் சேலைக்கரை வரைக்கும். வானம் மட்டும் அப்படியே நீலம். கூகுள் லென்ஸில் போட்டால் முதல் வகைப் படத்தின் ஊர் பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும்.

காசு போவதைவிடப் பெரிய கவலை அந்த மாதங்கள். ஒக்ரோபர், நொவெம்பர் இடைப்பருவ மழைக்காலம். மலைச்சரிவு நீரில் ஊறி நிற்கும் நேரம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு வந்தது 2014 ஒக்ரோபர் 29இல். 2025 நொவெம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலையக வீதிகள் பல இடங்களில் துண்டாகின. பிள்ளைகளையும் வயதானவர்களையும் ஏற்றிய வானை அந்த மழைக்குள் கொண்டுபோகச் சொல்பவர், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்தாரா என்று கேளுங்கள். நீங்களும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுங்கள்.

நேரக் கணக்கிலும் பொய் இருக்கும். 'அதிகாலை 4 மணிக்குக் கிளிநொச்சி, அன்றே ஹோட்டன் சமவெளி' என்று எழுதியிருந்தால் அது நடவாது. ஏ9 வீதியால் கண்டிக்கே 250 கிலோமீற்றர் அளவில் வரும். அங்கிருந்து கம்பளை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு இன்னும் 75 கிலோமீற்றருக்கு மேல், அதுவும் வளைவும் ஏற்றமும். சாப்பாடு, மலசலகூடம் எல்லாம் சேர்த்தால் போய்ச்சேரப் பின்னேரம் ஆகும். ஹோட்டன் சமவெளியின் உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளம் காலை 6 மணியளவில் நுழைந்தவர்களுக்குத்தான் தெரியும். பத்து மணி தாண்டினால் பெரும்பாலும் புகார் மூடிவிடும். ஆகவே முதல் இரவு நுவரெலியாவில் தங்கவேண்டும். விளம்பரத்தில் சொல்லும் அந்த ஓர் இரவு எங்கே என்று கேளுங்கள். பல வேளை அது திரும்பி வரும் வானுக்குள்தான் கழிகிறது, ஓட்டுவதும் அதே சாரதி.

மலைக்குப் போகத்தான் வேண்டும் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. இரவில் நல்ல குளிர், சில நாட்களில் புல்லில் உறைபனியும் படியும். கம்பளிச் சட்டை கட்டாயம். வான் பேசும்போது வாகன இலக்கம், தங்குமிடத்தின் பெயர், சாரதிகள் எத்தனை பேர், மழையால் நின்றால் எவ்வளவு காசு திரும்பும் என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். தங்குமிடத்துக்கு நீங்களே அழைத்து அறை உண்மையில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். காப்புறுதிப் பத்திரம் வாடகைப் பயன்பாட்டுக்கா, சொந்தப் பாவனைக்கா என்றும் பாருங்கள். சொந்தப் பாவனை என்றிருந்தால் விபத்து நடந்தபின் இழப்பீடு பெறுவது பெரும்பாடு.

உண்மையான இலையுதிர்காலம் பார்க்க நாடு தாண்டவேண்டும். காஷ்மீர் சினாருக்கு ஒக்ரோபர் கடைசி முதல் நொவெம்பர் நடு வரை. கனடாவில் சொந்தம் இருப்பவர்களுக்கு ஒன்ராறியோவின் அல்கொன்குயின் பூங்காவில் செப்ரெம்பர் கடைசியும் ஒக்ரோபர் தொடக்கமும். அதே பூங்காவை ஒக்ரோபர் கடைசியில் காட்டுவதாக விற்றால் மேப்பிள் மொட்டையாக நிற்கும். ஜப்பானில் நிக்கோ மலைப்பக்கம் ஒக்ரோபரில் நிறம் மாறத் தொடங்கும், கியோட்டோவில் நொவெம்பர் பிற்பாதியில்தான் உச்சம். இரண்டையும் ஒரே கிழமையில் முழு நிறத்தோடு காட்டுவேன் என்பவரை நம்பாதீர்கள். முகவரின் பெயர் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே காசு கட்டுங்கள்.

ஏற்கனவே கட்டி ஏமாந்தவர்கள் வட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். விளம்பரப் படம், வங்கிப் பற்றுச்சீட்டு, காசு போன கணக்கு இலக்கம், நீங்கள் அங்கே எடுத்த திகதியுள்ள படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துவையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் பேசலாம், ஆனால் முறைப்பாடு எழுத்தில் போகவேண்டும், அதுவும் சேவை பெற்று மூன்று மாதத்துக்குள். வானில் ஒன்றாகப் போனவர்கள் எல்லாரும் கையொப்பமிட்டு அனுப்புங்கள்.